வெறும் தண்ணீர்தானா?

ஹைட்ரஜன் வண்டியைப் பற்றி யார் பேசினாலும் ஒரு வரி கட்டாயம் வரும்: புகையே கிடையாது, குழாயில் வருவது வெறும் தண்ணீர்தான். உண்மைதான். ஆனால் அந்த வண்டிக்குள் இருக்கும் சவ்வு எங்கே, எப்படித் தயாராகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஃப்யூயல் செல்லின் உயிரே நடுவில் இருக்கும் அந்த மெல்லிய மெம்பரேன்தான். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரியும். சவ்வு புரோட்டானை மட்டும் உள்ளே விடும். எலக்ட்ரான் பாவம், வெளியே வயர் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தச் சுற்றுதான் நமக்குக் கரண்ட்!

1965-ல் ஜெமினி 5 விண்கலத்தில் போனது பாலிஸ்டைரீன் வகைச் சவ்வு. அது சீக்கிரம் சிதைந்துவிடும். பிறகு டூபாண்ட் கம்பெனியின் நஃபியான் வந்தது. டெஃப்லான் மாதிரி ஃபுளோரின் நிறைந்த சங்கிலி, அதில் தொங்கும் சல்ஃபோனிக் அமிலம். ஈரமாக வைத்திருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

ஆனால் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், நஃபியான் தயாராகும் ஃபயட்வில் ஆலையிலிருந்து ஃபுளோரின் சேர்மங்கள் கேப் ஃபியர் ஆற்றில் கலந்த செய்தி 2017-ல் வெளியே வந்தது. கீழே வில்மிங்டன் ஊருக்குக் குடிதண்ணீர் அந்த ஆறுதான். அங்கே மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது கிடைத்தவற்றில் ஒன்றின் பெயர் 'நஃபியான் பைபிராடக்ட் 2'. படித்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. (வண்டியில் இருக்கும் சவ்வு ஒழுகுகிறது என்று சொல்லவில்லை. தயாரிக்கும் இடத்தில்தான் வில்லங்கம்.)

உடனே தடை போடு என்பவர்களோடு நான் இல்லை. டீசல் புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் ரத்தம்தானே ஓடுகிறது? ஐரோப்பாவில் 2023-ல் ஐந்து நாடுகள் வைத்த ஃபுளோரின் தடை வரைவிலேயே ஃப்யூயல் செல்லுக்குக் கூடுதல் அவகாசம் இருந்தது. அது நியாயம்தான். ஆனால் அந்த அவகாசத்தில் வேலை நடக்கவேண்டுமே!

மாற்று இல்லாமல் இல்லை. சல்ஃபோனேற்றிய பீக் போன்ற ஃபுளோரின் இல்லாத பாலிமர்கள் இருக்கின்றன. அமிலத்தைக் கூட்டினால் தண்ணீரில் ஊதிப் பெருக்கும், குறைத்தால் புரோட்டான் நகராது, ஆயுளும் குறைவு. கஷ்டம்தான். நாமோ நஃபியானில் சிலிக்காவா டைட்டானியாவா என்று இன்னொரு பொடியைக் கலந்து பேப்பர் போடப் பார்க்கிறோம். ரிசல்ட் சீக்கிரம் வரும், கைடும் சந்தோஷப்படுவார்.

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்கும்போது நான் பீக் பக்கம் கை தூக்கப்போகிறேன். இன்னும் ரெண்டு பேர் சேர்ந்தால் நல்லது மக்கா... ஊதிப்போன சவ்வை அளக்கவே ஒரு ஆள் வேண்டும்.