பூட்டும் வேண்டும், படியும் வேண்டும்

பூட்டின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிலே முடிந்துகொண்டு சென்றவர் பலர். திறப்புக் கையில் இருந்தது. வீடு எஞ்சுமோ என்பதே அன்றைய ஏக்கம். இன்று கணினியை ஆள்வோருக்கு அதன் மறுதலையான ஏக்கமொன்று உண்டு. வீடு அப்படியே இருக்கும், திறப்புத்தான் தொலைந்துபோகும்.

லினக்ஸ் முதலிய இயங்குதளங்களைப் புதிதாக நிறுவும்போது, வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கிக் காக்கும் வசதி கிடைக்கின்றது. அதனை ஏற்போமாயின், நாம் தட்டில் எழுதுவன யாவும் உருமாறியே பதிவாகும். கணினி இயங்கத் தொடங்கும்போது கடவுச்சொல்லை இட்டாலன்றி அவற்றை வாசித்தல் இயலாது. மடிக்கணினி பஸ்ஸிலே களவு போனாலும், தட்டைக் கழற்றி வேறொரு பொறியிற் பொருத்தினாலும், அயலார் காண்பது பொருளற்ற எழுத்துக் குவியலே. கணினி இயங்கிக்கொண்டிருக்கும் வேளையில் மட்டும் இப்பூட்டுத் திறந்தே இருக்கும் என்பதை மறத்தலாகாது.

“எம்மிடம் என்ன இரகசியம் இருக்கிறது?” என்று வினவுவோர் உளர். ஆசிரியரின் கணினியிலே மாணவரின் புள்ளிகளும் குடும்பநிலைக் குறிப்புகளும் இருக்கின்றன. ஆய்வு மாணவரின் கணினியிலே, போரில் மக்களை இழந்த தாய்மார் நம்பிச் சொன்ன வாக்குமூலங்கள் இருத்தல் கூடும். இவை நம்முடைய இரகசியங்கள் அல்ல. பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருள்கள். அடைக்கலப் பொருளைத் திறந்து போட்டுவைக்க நமக்கு உரிமை ஏது? ஆகவே பூட்டு வேண்டும் என்பதே என் துணிபு.

ஆயின் பூட்டு ஒன்றே காவலாகுமா? 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அச்சிற் பல படிகளாய்ப் பரவியிருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறுதல் கூடும். ஒற்றைப் படியாய் இருந்த சுவடியை எங்கே தேடுவது? சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பல இடத்து ஏடுகளையும் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏடு செல்லரித்தாலும் நூல் நிலைத்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகமும் அப்பணியையே இக்காலக் கருவிகொண்டு செய்து வருகின்றது.

மறைகுறியாக்கம் தீயைத் தடுக்காது. அன்றியும், புதியதோர் அபாயத்தையும் அது கொண்டுவருகின்றது. லினக்ஸில் வழங்கும் ‘லக்ஸ்’ முறையிலே கடவுச்சொல் நேரே தட்டைத் திறப்பதில்லை. தட்டின் தலைப்பகுதியிலே வைக்கப்பட்டுள்ள மூலத்திறப்பையே அது விடுவிக்கின்றது. கடவுச்சொல்லை மறந்தால் மீட்பில்லை. தலைப்பகுதி பழுதுற்றாலோ, சரியான சொல்லும் பயன்படாது. படியில்லாத பூட்டு, நம் கையாலேயே நாம் மூட்டும் தீயாகிவிடும்.

எனவே சில நியமங்களைக் கைக்கொள்ளுதல் நன்று. முழுத்தட்டையும் மறைகுறியாக்கி நிறுவும்போது முன்பிருந்தவை அழிந்துவிடும். ஆதலால் அதற்கு முன்னரே அனைத்துக்கும் படி எடுத்தல் வேண்டும். அந்தரங்கமானவை உள்ள படி, தானும் பூட்டப்பட்ட வேறொரு தட்டிலே, வேறொரு வீட்டிலே இருப்பதாக. நிறுவிய பின்னர் தலைப்பகுதிக்கும் ஒரு படி எடுத்து வைத்தல் தகும். ஒரே தட்டுக்குப் பல கடவுச்சொற்களை அமைக்க இம்முறை இடந்தருவதால், இரண்டாவது சொல் ஒன்றைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். நமக்குப் பின் நமது எழுத்து யாரைச் சேரவேண்டும் என்பதையும் அவ்வுறையிலேயே குறித்துவிடலாம். தமிழிற் சொல்லமைக்க விரும்புவோர் ஒன்று கவனிக்க: கணினி திறவுமுன் தமிழ்த் தட்டச்சு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இறுதியாக ஒன்று. ஊர் வரலாறு, பழைய சஞ்சிகை, முன்னோரின் கையெழுத்துப்படி ஆகியவை பூட்டி வைத்தற்குரியன அல்ல. அவற்றைப் படியெடுத்துப் பலருக்கும் கொடுத்தலே அவற்றுக்குக் காவல். எதைப் பூட்டுவது, எதைப் பரப்புவது என்பதை முதலில் வகுத்துக்கொண்டு, அதன் பின்னரே இயங்குதளத்தை நிறுவ அமர்தல் வேண்டும்.