போத்தல் தண்ணி வைச்சாப் போதுமா?

வலிகாமத்தில் தோட்டக்காணிகளுக்கு நடுவில் சின்னச் சின்ன விடுதிகள் வந்துகொண்டிருக்கின்றன. நாலைஞ்சு அறை, முன்னால ஒரு மாமரம், 'கிராமத்து வாழ்க்கை' எண்டு ஒரு பலகை. ஊருக்குள்ள காசு வந்தா நல்லதுதான். ஆனால் அங்கே குடிதண்ணி எங்கேயிருந்து வருகுது எண்டு கேட்டுப் பாருங்கோ. பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வரும்: "கொதிக்க வைச்சுத்தான் தாறம்", இல்லாட்டி "அறைக்குப் போத்தல் வைக்கிறம்". ரெண்டுமே தட்டிக்கழிக்கிற பதில்கள்.

கொதித்தாறிய நீரில் கிருமி இருக்காது, சரி. நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக, மிஞ்சுவதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். தோட்டத்துக்குப் போடுகிற பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அது கிணற்றுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது மிஞ்சிய தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகலாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை. சோதிக்காமல் ஒருவருக்கும் தெரியாது.

சரி, போத்தல்? அது விருந்தாளியைக் காப்பாற்றும். அந்த விடுதியில சமைக்கிற அக்கா எந்தத் தண்ணியைக் குடிக்கிறா? பக்கத்து வளவுப் பிள்ளையள்?

எங்கட நிலத்துக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். விடுதியின் குழியில் விழுவது வடிபட நேரமில்லாமல் அயல் கிணற்றுக்குப் போய்ச் சேரலாம். நன்னீரோ உவர்நீருக்கு மேலே மிதக்கிற ஒரு படை. நன்னீர் மட்டம் 1 மீற்றர் இறங்கினால் அடியிலிருந்து உவர் ஏறத்தாழ 40 மீற்றர் ஏறும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. குளியலுக்கும் புல்தரைக்கும் நாள் முழுக்க மோட்டர் ஓடினால், சவராகப் போறது விடுதிக் கிணறு மட்டுமில்லை. விடுதிக்காரர் பவுசருக்குச் சொல்லுவார். அயல்வீட்டு அம்மா யாருக்குச் சொல்லுவா?

"சின்ன விடுதி, செலவு தாங்காது" என்பார்கள். அறைக்கு அறை ஏசி பூட்டக் காசிருக்கு, தண்ணி சோதிக்க இல்லையா? நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் காசு கட்டிச் சோதிக்கலாம். மாரி முடிய ஒருக்கா, கடுங்கோடையில ஒருக்கா. ஈ.கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. நைத்திரேற்றும் உப்பும் எவ்வளவு எண்டு பார்க்கவேணும். அறிக்கையை வரவேற்பு மேசையில் ஒட்டுங்கோ, அயலுக்கும் காட்டுங்கோ. குழியை அடி திறந்து விடாமல், கசியாத தொட்டியாகக் கட்டி, நிரம்ப முதல் பவுசரால் எடுப்பியுங்கோ. இதுகளைச் செய்யாத விடுதிக்கு உள்ளூராட்சிச் சபை அனுமதியைப் புதுப்பிக்கக்கூடாது.

எங்களுக்கும் வேலை இருக்கு. அறை எடுக்க முதல் வைஃபை இருக்கா எண்டு கேட்கிறம்தானே? இனிமேல் கிணத்துத் தண்ணி அறிக்கையையும் கேட்பம்.