விளக்கு உங்களுடையது, சுவிட்ச் யாரிடம் இருக்கிறது?

2021 ஆகஸ்ட் 31. நம் நாட்டில் சுதந்திர தின விடுமுறை. அதே நாளில்தான் ஓஸ்ராம் நிறுவனம் 'லைட்டிஃபை' என்ற தன் ஸ்மார்ட் விளக்குகளுக்கான சர்வரை நிறுத்தியது. வெளியூரில் இருந்துகொண்டே கைப்பேசியில் வீட்டு விளக்கைப் போடுவது, அலெக்சாவிடம் சொல்லி அணைப்பது போன்ற வசதிகள் அன்றோடு போயின. பல்பு உடையவில்லை, வயர் அறுந்துபோகவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஓஸ்ராம் ஜெர்மனியில் பிறந்த நிறுவனம். ஆனால் கெடாவில் இருப்பவர்களுக்கு அது தூரத்துப் பெயர் இல்லை. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் 2017 நவம்பரில் அந்நிறுவனம் எல்இடி சிப் ஆலையைத் திறந்தது. இன்று அதன் பெயர் ஏஎம்எஸ் ஓஸ்ராம். ஷிஃப்ட் பஸ் ஏறி கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போகும் தமிழர்கள் லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி பக்கம் நிறைய பேர். சிப் செய்யும் தொழிற்சாலை நம் பக்கத்திலேயே இருக்கலாம். விளக்கை எரியவிடலாமா வேண்டாமா என்று கேட்கும் சர்வர் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பல்புக்கும் கைப்பேசிக்கும் நடுவில் யார்?

சாதாரண விளக்கில் சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் பாயும். கதை அவ்வளவுதான். மலிவான வைஃபை பல்பில் நடப்பது வேறு. ஆப்பில் நீங்கள் விரலை வைத்ததும், அந்தக் கட்டளை உங்கள் ரௌட்டர் வழியாக இணையத்துக்குப் போகிறது; வேறு ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வரைத் தொடுகிறது; அங்கிருந்து திரும்பி வந்து உங்கள் தலைக்கு மேலே தொங்கும் பல்பை எட்டுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. இணையம் அறுந்தால்தான் தெரியும்.

ஆன்லைன் கடைகளில் வெவ்வேறு பெயரில் விற்கும் பல்புகளில் நிறைய, சீனாவின் துயா என்ற ஒரே நிறுவனத்தின் தளத்தில் ஓடுபவை. பெட்டியில் ஒரு பெயர், ஆப்பில் இன்னொரு பெயர், பின்னால் இருக்கும் சர்வர் மூன்றாவது ஒருவருடையது. இதில் யாரை நம்பி வாங்கினோம் என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவோம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சர்வர் செத்தாலும் வீடு இருட்டாகிவிடாது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துப் போட்டால் பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகள் சாதாரண பல்பு மாதிரி எரியும். போவது நிறம், டைமர், குழுவாக இயக்குவது, வெளியிலிருந்து இயக்குவது. அதற்காகத்தானே கூடுதல் பணம் கொடுத்தோம்? ரௌட்டரை மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். பல்பைப் புது வைஃபையில் மறுபடி இணைக்கவும் பல பிராண்டுகளுக்குச் சர்வரின் சம்மதம் வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இன்னொரு சிக்கல் உண்டு. தீபாவளிக்கு வந்த மகன் வரவேற்பறை முழுவதும் கலர் பல்பு மாட்டி, தன் கைப்பேசியில் தன் இமெயிலில் கணக்கு திறக்கிறான். விடுமுறை முடிந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுகிறான். "சுவிட்சை அணைச்சிடாதீங்கம்மா, அப்புறம் ஆப் வேலை செய்யாது" என்று டேப் வேறு ஒட்டிவிட்டுப் போகிறான். இனி அந்த விளக்குக்கு உரிமையாளர் யார்? வீட்டில் இருக்கும் அம்மாவா? நிறுவனத்தைக் கேட்டால், அந்த இமெயில் முகவரிக்காரர் என்றுதான் சொல்லும்.

தோட்டத்துக்கு இது புதுக்கதை இல்லை

தாத்தா பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்களாக இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் லயத்து வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தது நிர்வாகத்தின் ஜெனரேட்டர். மாலையில் சில மணி நேரம், விடியற்காலை பெரட்டுக்கு முன் கொஞ்ச நேரம். பிள்ளை படித்து முடித்ததா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்றெல்லாம் அந்த இயந்திரம் பார்க்காது. நேரம் ஆனதும் நிற்கும். மண்ணெண்ணெய் விளக்கு வெளியே வரும். சுவிட்ச் வீட்டுக்குள் இருந்தாலும் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை, உண்மையான சுவிட்ச் ஜெனரேட்டர் அறையில் இருந்தது.

தோட்டத் தொழிலாளர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரநிலைச் சட்டம் சொன்னது. தெனாகாவின் கம்பி லயத்துக்கு வந்து, வீட்டுக்கு ஒரு மீட்டர் மாட்டப்பட்டபோது கிடைத்தது வெறும் வெளிச்சம் இல்லை. எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யும் உரிமையும் சேர்ந்து வந்தது. அப்படிப்பட்ட குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சுங்கைப்பட்டாணி தாமான் வீடுகளில் சுவிட்சை மறுபடியும் வீட்டுக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் சொந்தக் காசில்.

நிறுவனங்கள் கைவிட்டது எப்படி?

2016 மே மாதம் கூகுள் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட், தான் வாங்கிப்போட்டிருந்த ரிவால்வ் கருவியின் சேவையை நிறுத்தியது. 299 டாலருக்கு விற்ற கருவி அது. அன்றோடு மொத்தமும் பயனற்றுப் போனது. வாழ்நாள் சந்தா என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். யாருடைய வாழ்நாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை போலும்.

இன்ஸ்டியோன் கதை இன்னும் மோசம். 2022 ஏப்ரலில் எந்த அறிவிப்பும் இல்லாமல் சர்வர்கள் அணைந்தன. ஆனால் சில வாரங்களில், அந்தக் கருவிகளைப் பயன்படுத்தி வந்தவர்களில் சிலரே சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கிச் சர்வரை மீண்டும் ஓடவிட்டார்கள். பிலிப்ஸ் ஹியூ வேறு ரகம். அது மூடப்படவில்லை, விதியை மாற்றியது. 2015 டிசம்பரில் ஒரு அப்டேட் மூலம் மற்ற நிறுவனங்களின் பல்புகளைத் தடுத்தது. வாடிக்கையாளர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2023 செப்டம்பரில், அதுவரை கணக்கு இல்லாமலே ஆப்பைப் பயன்படுத்தி வந்தவர்களும் இனி கணக்கு திறக்க வேண்டிவரும் என்று அறிவித்தது. வாங்கியபோது அப்படி ஒரு நிபந்தனையே இல்லை.

லங்காவியில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள்

பழைய கருவி காலாவதியாவதே தவறு என்று சொல்ல முடியாது. அதற்கும் கெடாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2019 ஜூலை 21 அன்று மலேசியாவிலேயே முதலாவதாக அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட இடம் லங்காவி. பழைய டிவிக்கு மட்டும் ஆண்டெனா போட்டுப் பார்த்தவர்களுக்குத் திரை வெறுமையானது. ஆனால் முன்கூட்டியே தேதி அறிவிக்கப்பட்டது, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாக வந்தது. அந்தப் பெட்டியை இணைத்தால் பழைய டிவியே மறுபடி ஓடியது. குறைகள் இருந்திருக்கலாம், பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தார். ஸ்மார்ட் பல்பில் கிடைப்பது அதிகபட்சம் ஓர் இமெயில்.

சட்டம் கைகொடுக்குமா?

கொஞ்சம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்வர் ஓர் உதிரிபாகமா? 1999-இல் யாரும் அப்படி யோசித்திருக்க மாட்டார்கள். சர்வர் இல்லாமல் பாதி வேலைகூடச் செய்யாத பொருளில் அது உதிரிபாகத்துக்குச் சமம் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லாதவரை ஒவ்வொருவரும் தனியாகத்தான் வாதாட வேண்டும்.

வாதாட இடம் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு போடலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உள்ளூர்க் கடையில் ரசீதோடு வாங்கியிருந்தால் இது பயன்படும். ஆன்லைனில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் 19 ரிங்கிட்டுக்கு வாங்கியதற்கு யாரைத் தேடிப் போவது?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் பொருளை விற்பவர்கள் அதற்குக் குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று சொல்லியாக வேண்டும். சர்வர் அதுவரை ஓடும் என்ற உத்தரவாதம் இல்லைதான், ஆனாலும் ஒரு தேதி இருக்கும். இங்கே எல்இடி பல்புப் பெட்டியில் 15,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் எட்டு ஆண்டு. ஆப் எத்தனை ஆண்டு இருக்கும் என்று அதன் பக்கத்திலேயே அச்சடிக்கச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை.

சரி, அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். 'மேட்டர்' என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்லது. 2022 அக்டோபரில் வந்த அந்தப் பொதுத் தரநிலை, கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்வரும்படி அமைக்கப்பட்டது. ஸிக்பீ வகை பல்புகள் ஒரு நிறுவனம் கைவிட்டாலும் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் ஹப்பில் சேரும். லைட்டிஃபை வைத்திருந்த பலர் அப்படித்தான் தங்கள் பல்புகளைக் காப்பாற்றினார்கள். கொஞ்சம் கணினி தெரிந்தவர்களுக்கு ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய லேப்டாப்பிலேயே ஓடும்.

ஏற்கெனவே வைஃபை பல்பு மாட்டியிருக்கிறீர்களா? புது ரௌட்டர் வந்தால் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் வையுங்கள், பல்புகள் தானாக இணைந்துகொள்ளும். வீட்டில் இருப்பவர் ஒருவரையாவது அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒருநாள் ராத்திரி, ரௌட்டரில் இருந்து இணைய வயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஆப்பில் லைட்டைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் சுவிட்ச் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.