செய்த தொண்டும் கூடவே வரட்டும்!

ரயில்வேயில் நாமே கேட்டு வேறு கோட்டத்துக்கு மாற்றல் வாங்கினால் சீனியாரிட்டி போய்விடும். ஆனால் உழைத்த ஆண்டுகள் போவதில்லை. சர்வீஸ் ரிஜிஸ்டர் கூடவே வரும், பென்ஷனுக்கும் கணக்காகும். அதே நியாயத்தைத்தான் கல்லூரி மாறிவரும் நம் பிள்ளைகளுக்கும் கேட்கிறோம்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். தொண்டர் ஒருவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு.

கிருஷ்ணகிரியில் 120 மணி முடித்த மாணவி, தந்தையின் பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தால் மீண்டும் முதலிலிருந்தா? படித்த பாடத்தின் மதிப்பலகு மாணவரோடு செல்ல 2021-இல் யு.ஜி.சி. வழி செய்தது. பாடம் வரலாம், வியர்வை வரக் கூடாதா? பழைய கல்லூரியின் மணிக்கணக்கைப் புதிய கல்லூரி ஏற்க வேண்டும்.

இன்னொன்று: மாலையில் கடை வேலை பார்த்துப் படிக்கும் பிள்ளை, கூலியை விட்டுத் தொண்டுக்கு எப்படி வரும்? தொண்டாற்றும் ஏழை மாணவருக்கு உதவித்தொகை வேண்டும். இல்லையேல் தொண்டும் வசதியுள்ளவர் சொத்தாகிவிடும்.

பெற்றோர்களே! மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே தொண்டு மணிக்கான சான்றையும் எழுத்தில் வாங்குங்கள். புதிய கல்லூரியில் முதல் வாரமே திட்ட அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

1991 காவிரிக் கலவரத்தில் நம்மை அந்நியர் என்றார்கள். இவ்வூர் ஏரிக்கரையில் கன்னடப் பிள்ளைகளோடு மண் சுமக்கும் நம் பிள்ளையை யார் அந்நியர் என்பார்?