பாலம் போட்டால் பாரம் குறையாது

சென்ற வாரம் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் ஒரே உற்சாகம். "அத்தான், அதே மாடல் இன்னொன்றும் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டையும் பிரிட்ஜ் செய்து தாருங்கள். அந்த ஸ்பீக்கரின் பிடிவாதத்தை ஒரு கை பார்த்துவிடலாம்" என்றார். நான் மறுத்தேன். அவருக்கு வருத்தம். தொலைபேசியில் பாடம் நடத்த இயலாமையால், என் மறுப்புக்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன். அவரைப் போலவே எண்ணுகின்ற அன்பர்கள் சிங்கப்பூரில் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

முதலில் சொல்லைப் பற்றி. தமிழில் 'பிரிட்ஜ்' என்று எழுதினால் பாதிப்பேர் குளிர்பதனப் பெட்டியை நினைத்துக்கொள்வர். ஆகவே 'பாலமிடுதல்' என்றே எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபயரை 'ஒலிபெருக்கி' என்று எழுதாததற்கும் காரணம் உண்டு. அப்பெயரை ஸ்பீக்கருக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். தமிழாசிரியன் 'ஆம்ப்' என்று எழுதலாமா என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள்க.

பாலமிடுதல் என்பது இதுதான். ஸ்டீரியோ ஆம்ப்பில் இடம், வலம் என இரு பகுதிகள் உள்ளன. ஒரே ஒலிக்குறிப்பை இரண்டுக்கும் கொடுத்து, ஒன்றில் மட்டும் அதைத் தலைகீழாக்கி விடுகிறோம். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இரு பகுதிகளின் நேர்முனைகளில் இணைக்கிறோம். மரம் அறுக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுக்கிறார். ஒரு முனை 20 வோல்ட் மேலேறும்போது மறுமுனை 20 வோல்ட் கீழிறங்குகிறது. ஸ்பீக்கருக்குக் கிடைப்பதோ 40 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 20 வோல்ட் என்றால் 50 வாட். அதே ஸ்பீக்கரில் 40 வோல்ட் என்றால் 200 வாட். மின்னழுத்தம் இருமடங்கானால் திறன் நான்கு மடங்காகிறது. இதைக் கேட்டதும் நம்மவர்களுக்கு நாவூறத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் கணக்கின் மறுபாதியை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 40 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 5 ஆம்பியர். முன்னர் 2.5 ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு பகுதியும் இப்போது 5 ஆம்பியர் கொடுக்க வேண்டும். அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு பகுதியின் கண்ணுக்கும் 4 ஓமாகத் தெரிகிறது. 4 ஓம் ஸ்பீக்கரோ 2 ஓமாகத் தெரியும். பழைய ஆம்ப்கள் பெரும்பாலானவற்றை 2 ஓமுக்கென்று யாரும் வடிவமைக்கவில்லை.

இங்கேதான் மைத்துனரின் தவறு. 'பிடிவாதமான ஸ்பீக்கர்' என்று ஒரே பெயரால் இருவேறு நோய்களை அழைக்கிறோம். ஒன்று, கொடுத்த திறனுக்கு ஏற்ற சத்தம் தராத ஸ்பீக்கர். மற்றொன்று, மின்மறுப்புக் குறைந்து, மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும் ஸ்பீக்கர். முதல் நோய்க்கு மின்னழுத்தம் மருந்தாகலாம். இரண்டாவதற்கு அது மருந்தன்று. நோயை இருமடங்காக்கும் வழி. 1980களில் வந்த அபோஜி சிண்டில்லா என்னும் ரிப்பன் ஸ்பீக்கரை 1 ஓமில் இயக்கலாம். அதைப் பாலமிட்ட ஆம்ப்பில் மாட்டினால் ஒவ்வொரு பகுதிக்கும் அரை ஓம்! கிட்டத்தட்ட வெறும் கம்பியால் முனைகளை இணைத்ததற்குச் சமம். அத்தகைய ஸ்பீக்கருக்கு வேண்டியது தடித்த மின்மாற்றியும் மின்னோட்டம் குன்றாத வெளியீட்டுப் பகுதியும் உடைய ஒரே ஆம்ப்.

மைத்துனர் வைத்திருப்பது ஏஆர் 3ஏ. 1967இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மூடிய பெட்டி, அழகான ஆழ்ந்த குரல். அதற்கு இரண்டு நோயும் உண்டு என்பதுதான் துன்பம். சத்தமும் குறைவு, மின்மறுப்பும் 4 ஓம். முதல் நோயைப் பார்த்து மருந்து கொடுத்தால் இரண்டாம் நோய் ஆம்ப்பைக் கொன்றுவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவின் ஜப்பானிய ஆம்ப்பையும் காராங்குனிக்காரரிடம் வாங்கிய அதன் இரட்டையையும் நானே பாலமிட்டேன். என் ஸ்பீக்கரும் 4 ஓம்தான். அரைமணி நேரம் அற்புதமாக இருந்தது. மதுரை சோமு எங்கள் கூடத்திலேயே அமர்ந்து பாடுவதைப் போலிருந்தது. அம்மாவைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஒரு வாடை. அதன்பின் 'டப்' என்றோர் ஒலி. வெளியீட்டு டிரான்சிஸ்டர் உட்புறமாக ஒட்டிக்கொண்டால் நேர்மின்னோட்டம் அப்படியே ஸ்பீக்கருக்குள் பாயும். கண் மூடித் திறப்பதற்குள் சுருள் கருகிவிடும். ஆம்ப்பும் போயிற்று, ஸ்பீக்கரும் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் வானொலியைத் திருகினார். சமையலறையில் இருந்த சின்னப் பெட்டியில். அந்த ஆம்ப்பின் முகப்புத் தகட்டை மட்டும் இன்றும் வைத்திருக்கிறேன்.

பாலமிடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே வடிவமைத்த ஆம்ப்கள் உண்டு. நெல்சன் பாஸ் வடிவமைத்து 1985இல் வந்த ஆட்காம் ஜிஎஃப்ஏ 555 ஒரு நல்ல சான்று. 8 ஓமில் பகுதிக்கு 200 வாட். பாலமிட்டால் அதே 8 ஓமில் 600 வாட். கணக்குப்படி 800 வந்திருக்க வேண்டுமல்லவா? அந்த 200 வாட் எங்கே போயிற்று என்று மாணவர் கேட்டால், மின்வழங்கி தளர்ந்துவிட்டது என்பதே விடை. அத்தனை வலுவான ஆம்ப்புக்கே இந்நிலை என்றால், நாற்பது ஆண்டு கடந்து மின்தேக்கிகள் வறண்டுபோன பெட்டியிடம் என்ன எதிர்பார்க்கலாம்? நம் ஊர் வெப்பம் வேறு.

இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு மடங்கு திறன் என்பது 6 டெசிபெல் கூடுதல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். ஆக, எல்லாம் நன்றாக அமைந்தாலும் இருமடங்கு சத்தம்கூடக் கிட்டாது. இதற்காகவா இத்தனை ஆபத்து? பிபிசி வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ சத்தம் குறைந்த ஸ்பீக்கருக்குப் பெயர் போனது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 83 டெசிபெல்தான். பழைய 15 ஓம் வகையைப் பாலமிட்டால் ஆம்ப்புக்குத் தீங்கில்லை. ஆனால் அந்த ஸ்பீக்கரே 25 வாட்டுக்குத்தான் உரியது. அந்த 25 வாட்டிலேயே 97 டெசிபெல் வந்துவிடும். வீவக வீட்டுக் கூடத்தில் அதற்குமேல் எதற்கு? பக்கத்து வீட்டு ஆண்டி கதவைத் தட்டுவதற்கு அது போதும்.

பழைய பொருள்மீது எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டா. 2017 ஜூலை 10ஆம் நாள் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடப்பட்டபோது வருந்தியவர்களுள் நானும் ஒருவன். தேக்காவில் காய்கறி வாங்கப் போனால், கால் தானாகவே ஜாலான் புசார் பக்கம், சிம் லிம் டவரை நோக்கித் திரும்பும். கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபியில் கடைகடையாக ஏறி இறங்கி, வாங்காமல் பாட்டு மட்டும் கேட்டுத் திரும்பிய சனிக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. இப்பழைய ஆம்ப்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள், உதிரிப்பாகங்களும் அப்படியே. கருகிய டிரான்சிஸ்டரின் மூலவகை இன்று கிடைப்பது அரிது; போலிகளே மலிந்துள்ளன. ஆதலால் வீணாக ஒன்றைக் கொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மைத்துனருக்கு என் பரிந்துரை இதுதான். இரண்டு ஆம்ப்களுள் நல்லதை வைத்துக்கொண்டு மின்தேக்கிகளை மாற்றுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் அது 100 வோல்ட்டுக்குரியது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகிவிடாதீர்கள். மற்றொன்றை உதிரிப்பாகத்துக்கு வையுங்கள். அப்போதும் சத்தம் போதவில்லை என்றால் நாற்காலியை இரண்டடி முன்னே போடுங்கள். நகைக்க வேண்டா, செலவில்லாத வழி அது.

ஞாயிற்றுக்கிழமை போகத்தான் போகிறேன். மல்டிமீட்டரும் கையோடு வரும். தங்கை வைக்கும் மீன்குழம்பை முதலில் முடித்துவிட்டு, பிறகுதான் பெட்டியைத் திறப்பது என்று மைத்துனரிடம் சொல்லியாயிற்று.