பெரிய ஆயில் ஜெட் வேண்டுமா? முதலில் அளந்து பாருங்கள்!

பாச்சாங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஹோண்டா சிவிக்குக்கு என்னைவிட வயது அதிகம். மாமா கொடுத்தது. அதன் பழைய எஞ்சின் கெட்டபின், ஜப்பானிலிருந்து 'ஹாஃப்கட்'டாக வந்த பி16ஏ எஞ்சினைப் பொருத்தி, சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் முறையாகப் பதிந்தார். காலையில் அம்மாவை வேலையில் இறக்கிவிட்டு, நான் மெர்லிமாவில் உள்ள பொலிடெக்னிக்கிற்குப் போவது அந்தக் காரில்தான்.

சென்ற விடுமுறையில் பகுதி நேர வேலை செய்து 900 வெள்ளி சேர்த்தேன். "பெரிய ஆயில் ஜெட் போட்டுவிடு, எஞ்சின் எவ்வளவு சூட்டையும் தாங்கும்" என்றார்கள் நண்பர்கள். நானும் வாங்கத் துணிந்துவிட்டேன்.

ஆயில் ஜெட் என்பது ஒவ்வொரு பிஸ்டனுக்கும் கீழே இருக்கும் சிறு குழாய் முனை. எண்ணெய் அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் அதன் வால்வு திறந்து, பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெயைப் பீய்ச்சும். முழு வேகத்தில் பிஸ்டன் தலையின் வெப்பம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கக்கூடும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில்தான். ஆனால் அதற்கு வெகு முன்பே அது வலுவிழந்துவிடும். அதனால்தான் கடுமையாக உழைக்கும் எஞ்சின்களில் இந்த ஏற்பாடு. 1989இல் வந்த பி16ஏ, டர்போ இல்லாமலே 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் தந்தது. அதற்குத் தேவையான நான்கு ஜெட்டுகளை ஹோண்டாவே பொருத்தியிருந்தது.

பட்டறை அண்ணனிடம் போனேன். அவர் விலையைச் சொல்லவில்லை. "தம்பி, உன் பிஸ்டன் எப்போதாவது சூட்டில் கெட்டதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, அழுத்தமானியை மாட்டினார். நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் குறைந்தது 50 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்கிறது பழுதுபார்ப்புக் கையேடு. எங்கள் காரில் 42தான் இருந்தது.

அந்த ஓர் எண் என் ஆசையைத் தலைகீழாக்கியது. எண்ணெய் பம்பு தரும் எண்ணெய்க்கு ஓர் அளவு உண்டு. ஜெட்டின் துளை பெரிதானால் அதன் வழியே அதிக எண்ணெய் வெளியேறும். கிராங்க் பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெயின் அழுத்தம் இன்னும் குறையும். எண்ணெய்ப் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசி, எஞ்சினே இறுகிவிடும். பிஸ்டனைக் குளிர்விக்கப் போய்க் கிராங்கைப் பலி கொடுத்திருப்பேன். அம்மா வேலைக்குப் போக வழியில்லாமல் நின்றிருப்பார்.

எஞ்சினைப் பிரித்தபோது பேரிங்குகள் தேய்ந்திருந்தன. என் 900 வெள்ளி அவற்றை மாற்றுவதற்கே போனது. பழைய ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, அடைப்பில்லை என்று பார்த்து, அப்படியே திரும்பப் பொருத்தினோம். இப்போது அழுத்தம் 50க்கு மேல் நிற்கிறது.

"இளம் வயதில் சோதனை செய்து பார்க்காமல் எப்போது செய்வது?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். டர்போ பொருத்துபவருக்கும், சிப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டுபவருக்கும் கூடுதல் குளிர்ச்சி தேவைப்படலாம். ஆனால் அவர் பம்பையும் ஆயில் கூலரையும் சேர்த்துக் கணக்கிட்டுச் செய்ய வேண்டும். அளக்காமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவது சோதனை அல்ல, சூதாட்டம்.

நம் மாநிலத்திலேயே, அலோர் காஜாவின் பெகோவில், 2003 முதல் ஹோண்டா தொழிற்சாலை இயங்குகிறது. அப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்க்க நம் மாணவர்கள் பலர் ஆசைப்படுகிறோம். எந்தப் பாகம் சிறந்தது என்று பட்டியல் ஒப்பிப்பதைவிட, எது பழுது, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கும் பழக்கம்தான் அங்கே நமக்குக் கைகொடுக்கும்.

ஆகவே மாணவ நண்பர்களே, பணத்தை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது என்ன குறை? அதை அளந்தோமா? இதை மாற்றினால் வேறெது பாதிக்கும்? மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் வாங்குங்கள். அதுவரை, எண்ணெயை உரிய நேரத்தில் மாற்றினாலே போதும்.