கீறல் விழுந்த தோசைக்கல்மேல் விழுந்த பழி

புதுச்சேரி மூலக்குளம் மெயின் ரோட்டில் ஏதாவது ஒரு பாத்திரக் கடைக்குப் போய் நான்ஸ்டிக் தோசைக்கல்லைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் யாராவது எச்சரிப்பார்: "கீறல் விழுந்தா கேன்சர் வரும்மா, வாங்காதீங்க." வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளும் இதைத்தான் சொல்கின்றன. வீட்டில் இருப்பதையும் இன்றே தூக்கிப் போடச் சொல்கின்றன. இந்தப் பேச்சில் பெரும்பகுதி தவறு. உண்மையான ஆபத்து இருக்கும் இடத்தை அது மறைத்துவிடுகிறது என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

கீறலில் பெயரும் கறுப்புத் துகள் தோசையோடு வயிற்றுக்குள் போனால் நஞ்சாகும் என்பது முதல் வாதம். அந்தத் துகள் நான்ஸ்டிக் பூச்சான டெஃப்ளான். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள். கார்பனும் ஃபுளோரினும் அதில் இறுகப் பிணைந்திருப்பதால் வேறு எதனோடும் அது எளிதில் வினைபுரியாது. தோசை ஒட்டாததற்குக் காரணமும் இதுவே. வயிற்று அமிலம் அதைக் கரைப்பதில்லை. உள்ளே போனது அப்படியே வெளியேறிவிடும். இதே பொருளால் செய்த செயற்கை ரத்தக் குழாய்களை மருத்துவர்கள் மனித உடலுக்குள் பொருத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டெஃப்ளானை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. அது நற்சான்றிதழ் இல்லைதான். புற்றுநோய் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடையாது என்பதே அந்தப் பிரிவின் பொருள்.

பின் புற்றுநோய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது? பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேறொரு வேதிப்பொருளிடமிருந்து. டெஃப்ளான் தயாரிப்பில் துணைப் பொருளாகப் பல்லாண்டுகள் பயன்பட்டது அது. 2023இல் அதே முகமை அதை முதல் பிரிவுக்கு, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலுக்கு, மாற்றியது. அச்சத்துக்கு இங்கே நியாயம் இருக்கிறது. ஆனால் பூச்சை ஏறத்தாழ 400 டிகிரி சூட்டில் சுட்டு இறுக்கும்போது அந்தப் பொருள் பெரும்பாலும் போய்விடுகிறது. வீட்டுக்கு வரும் கல்லில் மிஞ்சுவது மிகமிகச் சொற்பம். மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்தில் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் விரைப் புற்றுநோய்க்கும் பி.எஃப்.ஓ.ஏ.வோடு தொடர்பு இருப்பதாக 2012இல் ஓர் அறிவியல் குழு முடிவு சொன்னது. அங்கே மக்கள் உடலில் அது ஏறியது ஆலைக் கழிவு கலந்த குடிநீர் வழியாக. அவர்கள் வீட்டு வாணலிக்கு அதில் பங்கில்லை.

அடுத்தது 170 டிகிரி கணக்கு. 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 170 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து என்கிறது. அந்த எல்லையை என்னால் ஏற்க முடியவில்லை. தோசை முறுகலாக வரவே கல் அந்தச் சூட்டைத் தாண்ட வேண்டும். டெஃப்ளான் 260 டிகிரி வரை தாங்கும், உருகுவது 327இல், 350ஐக் கடந்த பிறகுதான் கணிசமாகச் சிதைகிறது. ஆனால் அதே வழிகாட்டி வெறும் கல்லை அடுப்பில் விடாதீர்கள் என்கிறதே, அது முழுக்கச் சரி. பெரிய பர்னரில் வைத்துவிட்டு போன் பேசப் போனால், சில நிமிடங்களிலேயே 260ஐத் தாண்டிவிடும். மேலும் ஏறினால் வரும் புகையில் கூண்டுக் கிளிகள் செத்துப்போகும். மனிதருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்து ஓரிரு நாளில் தணியும். பயப்படுவதென்றால் கீறலைவிட இந்தப் புகைக்குப் பயப்படலாம்.

மண்சட்டிக்கு மாறினால் கவலை தீர்ந்தது என்பார்கள். பளபளப்பு மெருகேற்றிய சட்டியில் ஈயம் இருக்கக்கூடும், அதையும் விசாரித்து வாங்க வேண்டும். எனக்குப் பிடித்தது எண்ணெய் போட்டுப் பழக்கிய இரும்புக் கல். அது வேறு பூச்சு கேட்காது, தலைமுறை தாண்டும்.

இப்போது அந்த "உடனே தூக்கிப் போடுங்கள்" என்ற அறிவுரைக்கு வருவோம். தூக்கிப் போட்ட கல் எங்கே போகிறது? காயலான் கடைக்கு; அங்கிருந்து அலுமினியம் உருக்கும் பட்டறைக்கு. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். பூச்சைச் சுரண்டி எடுக்காமல் உலையில் போட்டால், அதற்கு வெகு முன்பே டெஃப்ளான் சிதைந்து நச்சு வாயுவாகிறது. சமையலறையில் நமக்கு வராத தீங்கு உலைக்கு முன் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகிறது. நன்றாக உழைக்கும் கல்லை வதந்திக்குப் பயந்து வீசுவதை நான் எதிர்ப்பது முக்கியமாக இதனால்தான்.

ஆலைப் பக்கமும் திரும்ப வேண்டும். இத்தாலியில் விசென்சா பகுதியின் நிலத்தடி நீரை பி.எஃப்.ஓ.ஏ. வகை வேதிப்பொருள்களால் கெடுத்த மிதேனி ஆலை 2018இல் திவாலானது; அதன் எந்திரங்களை இந்திய நிறுவனம் ஒன்று வாங்கி, மகாராஷ்டிரத்தின் லோட்டே பரசுராமுக்குக் கொண்டுவந்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் 2019இல் பி.எஃப்.ஓ.ஏ. சேர்க்கப்பட்ட பிறகும், அதன் உறவுக்கார வேதிப்பொருள்கள் பல பயன்பாட்டில் இருக்கின்றன. "பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது" என்று அட்டைப்பெட்டியில் ஒட்டிய சீட்டு அவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புதுச்சேரியும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் ஊர். தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளில் இந்த வேதிப்பொருள்களைச் சோதித்து முடிவை ஊருக்கு அறிவிக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் நாம் கேட்க வேண்டும். பூச்சு போட்ட பாத்திரங்களைத் தனியாகப் பிரித்து வாங்க உழவர்கரை நகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும்.